எட்னா இறக்கி வைத்த சனிக்கிழமை

முன்னறையில் நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த எட்னா பென்னக், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வட்டமா போடுங்க ஹோரஸ். இது என்ன மாட்டுக்கொட்டகையா, வரிசையா கட்டி வைக்க?" என்றது வினிஃப்ரெட்டின் குரல்.

"மாடுன்னா வாய் பேசாம நிக்கும். உன்ன எங்க கொண்டுபோய்க் கட்டறது?" என்றார் ஹோரஸ். பென்சில்வேனியாவின் அந்தப் பக்கத்து மாடுகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் வைத்தியம் பார்த்தவர்.

எட்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரையும் வரச் சொன்னது அவள்தான். சனிக்கிழமைதோறும் தான் ஓட்டும் வேனை நிறுத்திவிடலாமா, கூடாதா என்று அவளோடு உட்கார்ந்து தெளிவு காண வந்திருக்கிறார்கள். நிறுத்த வேண்டும் என்று உடம்பில் ஒவ்வொரு எலும்பும் கெஞ்சியது. ஆனால் கடவுள் கொடுத்த வேலையைக் களைப்பாக இருக்கிறது என்று எந்த வாயால் திருப்பிக் கொடுப்பாள்?

அந்த வேலை அவளிடம் வந்து சேர்ந்தது ஒரு சாப்பாட்டு மேஜையில்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு சிறுமி வெள்ளிக்கிழமைதோறும் பாதி ரொட்டியைச் சட்டைப்பையில் ஒளித்துவைப்பதைப் பார்த்தாள். கேட்டபோது, "அப்பாவுக்கு" என்றது அந்தப் பிள்ளை. அப்பா தொலைதூரச் சிறையில் இருந்தார். போய்ப் பார்க்க பஸ் கிடையாது. அந்த ரொட்டி எட்னாவைத் தூங்கவிடவில்லை. அவர்களுடைய கிறிஸ்தவ வழிபாட்டுக் கூட்டத்தில் பாதிரியார் இல்லை. ஞாயிறன்று எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள், உள்ளே உந்தப்படுகிறவர் எழுந்து பேசுவார். அதுவரை வாய் திறவாத எட்னா ஒரு ஞாயிறு எழுந்து நின்றாள். கைதிகளின் குடும்பங்களைத் தன் வண்டியில் ஏற்றிப் போக வேண்டும் என்றாள். கூட்டம் அவசரப்படவில்லை. மாதக்கணக்கில் அவளோடு உட்கார்ந்து, அது அவளுடைய ஆசையா, மேலிருந்து வந்த அழைப்பா என்று சோதித்த பிறகே ஏற்றுக்கொண்டது. பழைய வேன் ஒன்றும் வாங்கித் தந்தது. துணை நிற்க ஹோரஸையும் வினிஃப்ரெட்டையும் நியமித்தது.

அதிலிருந்து மழையிலும் பனியிலும் சனிக்கிழமை தவறியதில்லை.

காபியோடு வந்து எட்னா அமர்ந்தாள். மூவரும் மௌனமானார்கள். இப்படி உட்காரும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. தங்களுக்கே பதில் தெரியாத கேள்வியை மட்டுமே கேட்கலாம். எட்னாவோ, 'போதும்மா, விட்டுடு' என்ற ஒரு சொல்லுக்காக ஏங்கினாள். அந்த ஒன்றைத்தான் அவர்களால் தர முடியாது.

"வேன்ல ஏறும்போது உனக்கு என்ன தோணுது?" என்று கடைசியில் வினிஃப்ரெட் கேட்டாள்.

"இடுப்பு வலிக்குது."

"மருந்து குடுக்கறதுக்காகக் கேக்கல நான்."

எட்னா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். "ஒண்ணும் தோணல, வினி. முன்னெல்லாம் பக்கத்து சீட்ல யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கும். இப்ப காலியா இருக்கு."

வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எப்பலேருந்து?" ஹோரஸின் குரல் தாழ்ந்திருந்தது.

அந்தக் கேள்விக்காகவே அவள் இத்தனை நாளும் காத்திருந்தது போலிருந்தது. "லோவெல் செத்ததுலேருந்து," என்று கணவரின் பெயரைச் சொன்னாள். "அவருக்கு மாரடைப்பு வந்தப்போ நான் சிறை வாசல்ல வேன்ல உக்காந்துட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தா அவர் இந்தத் தரையில கெடக்கறார். அடக்கம் பண்ணினதுக்கு அடுத்த சனிக்கிழமையும் ஓட்டினேன். அன்னைக்கு உங்கள்ல ஒருத்தர், 'நீ வீட்ல இரு, நான் போறேன்'னு சொல்வீங்கன்னு காலையில வாசல்ல நின்னு பாத்தேன். யாரும் வரல."

அவள் அழவில்லை. அதுதான் பார்க்க இன்னும் கொடுமையாக இருந்தது.

வினிஃப்ரெட் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ வண்டிய எடுத்தத பாத்து, என்ன பலம் குடுத்திருக்கார் கடவுள்னு நாங்க பேசிக்கிட்டோம்."

"எனக்கு உந்துதல் வரட்டும்னு நான் காத்திருந்தேன்," என்றார் ஹோரஸ். "வினிக்கு வரும்னும் நெனச்சேன். நீயோ எதுவும் கேக்கல. உன் மௌனத்த சமாதானம்னு எடுத்துக்கிட்டேன். அதுல எனக்கும் சௌகரியமாப் போச்சு."

"நான் உங்க மௌனத்த, ஓட்டுன்னு சொல்றதா எடுத்துக்கிட்டேன்," என்றாள் எட்னா.

ஹோரஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இன்னிக்கு இங்க உக்காந்திருக்கப்ப, அந்த வேலை இன்னும் உன் கையிலதான் இருக்கா எட்னா?"

அவள் அவசரப்படவில்லை. அவர்களிடம் கற்ற பழக்கப்படியே உள்ளே இறங்கித் தேடிப் பார்த்தாள். அங்கே கோபம் இருந்தது, லோவெல் இருந்தார், களைப்பு மலை போலக் குவிந்து கிடந்தது. அழைப்பு மட்டும் இல்லை.

"இல்ல," என்றாள். சொன்ன பிறகுதான் தோள் எவ்வளவு வலித்தது என்று தெரிந்தது. "ஆனா அந்தப் பிள்ளைங்க? யாரும் போகலன்னா?"

"அது இனிமே எங்க தூக்கம் கெட வேண்டிய விஷயம்," என்றார் ஹோரஸ். "நீ இறக்கி வெச்சுட்டேன்னு அடுத்த கூட்டத்துல சொல்றோம். இந்த சனிக்கிழமை நான் ஓட்டறேன்."

"இவர் ஓட்டினா ஜனங்க சிறைக்குப் போகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். நான் கூடப் போறேன்," என்றாள் வினிஃப்ரெட், கண்ணைத் துடைத்தபடி. "அதுக்கடுத்த வாரம் என்ன பண்ணுவோம்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

எட்னா தலையசைத்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. யாரையோ நடுவழியில் இறக்கிவிட்ட உறுத்தல் இருந்தது. அதையும் மீறித் தூக்கம் வந்தது.

ஹோரஸ் முன்னால் காருக்குப் போய்விட்டார். வினிஃப்ரெட் வாசற்படியில் தயங்கினாள்.

"லோவெல் போனதுக்கு அப்புறம் அந்த சனிக்கிழமை நான் வந்திருக்கணும் எட்னா."

"ஆமா," என்றாள் எட்னா. "வந்திருக்கணும்."

வினிஃப்ரெட் அதை மறுக்கவில்லை. எட்னாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். எட்னா கதவைச் சாத்தினாள்.