பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்

எழுபதுகளின் கடைசியில், பெரம்பலூர் ஓவியர்கள் சிலர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். பாடாலூரில் கையில் பையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒருவரை நான் வரைந்திருந்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அந்தப் படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு சார். இந்தப் பையோடதான் சொல்லாம கொள்ளாம போனாரு. சிரிச்சிக்கிட்டா எங்களை வுட்டுட்டுப் போனாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று பஸ் ஸ்டாப்பில் அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று சிரிக்க வைத்தது நான்.

"அவர் அழுதாரும்மா. சிரிப்பு நானாச் சேர்த்துப் போட்டது."

"என் ஆறுதலுக்குச் சொல்றீங்க சார்" என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு தத்ரூபம் என்று அன்று எல்லாரும் பாராட்டினார்கள்.