அக்காவை மறைத்த சோளம்

செமிலிங் பக்கம் ஓர் ஆராய்ச்சித் தோட்டத்தில், எரிபொருள் தயாரிப்பதற்கான சோளத்தை நானும் பாலிங்கிலிருந்து வந்த ஓர் அக்காவும் வளர்த்தோம். ஆய்வகத்தில் மரபணு மாற்றி உருவாக்கிய பாக்டீரியாக் கூட்டத்தைப் பாதி நாற்றுகளின் வேரில் ஊற்றினோம். மீதிக்கு வெறும் தண்ணீர்தான்.

"கண்ணுக்கே தெரியாதது என்னத்தலா வளர்க்கப் போவுது?" என்று அக்கா சிரித்தார்.

இரண்டு மாதம் போனது. தீபாவளி விடுமுறை முடிந்து வந்தோம். தண்ணீர் மட்டும் விட்ட பயிர் என் தோளளவு நின்றது. பாக்டீரியா ஊற்றிய அடுத்த பாத்திக்குள் நுழைந்த அக்காவையே காணவில்லை.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"இங்கதான்லா! என் தலை தெரியலையா?"

"தெரியலக்கா!"

இலைகளுக்கு மேலே ஒரு கை மட்டும் எழுந்து ஆடியது. நானும் கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.

வெளியே வந்ததும் அக்கா புருஷனுக்குப் போன் போட்டார்.

"உங்க பொண்டாட்டிய சோளம் முழுங்கிருச்சுங்க!"