மர்சலின் பிடித்த சந்தனப் பொட்டு

அடையாறில் இருக்கும் எங்கள் மருந்துச் சோதனைக்கூடத்தில் மர்சலின் சத்தம் போடாத நாள் கிடையாது. சாந்தோம்காரி. வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளோடு மல்லுக்கு நிற்பதே என் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன், அவளைப் போல ஒருத்தி எந்தக் கூடத்துக்கும் வேண்டும்.

போன அக்டோபரில் ஒரு ரத்த அழுத்த மாத்திரை சோதனைக்கு வந்தது. அதில் பெனிசிலின் துளியூண்டு கலந்திருப்பதாகக் கருவி காட்டியது. துளிதானே என்று விட முடியாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அந்தத் துளியே தொண்டையை அடைத்துவிடும். அதனால்தான் பெனிசிலினைத் தனிக் கட்டடத்தில் செய்கிறார்கள். இந்த மாத்திரையை அனுப்பிய தொழிற்சாலையிலும் தனிக் கட்டடம்தான்.

"நம்ம கருவிலதான் அழுக்கு இருந்திருக்கும்மா. சோதனைப் பிழைன்னு எழுதிடு. நாளைக்கு அவா சரக்கு ஏத்தணும்" என்றார் எங்கள் தலைவர் சுவாமிநாதன்.

"இன்னா சார் பேசுறீங்க? மாத்திரை போடாம வெறும் கரைசலை ஓட்டிப் பாத்தேன், சுத்தமா கீது. பிழைன்னு நான் எழுத மாட்டேன். சரக்கு போச்சுன்னா எவனாவது செத்துருவான் சார்!" என்று எகிறினாள் மர்சலின்.

மறுநாள் காலை தொழிற்சாலை மேலாளர் வைரவனே நேரில் வந்து கைபேசியில் ஒரு படத்தை நீட்டினார். "பாருங்க மேடம், மெஷின் பளபளன்னு கீது. ஆயுத பூஜைக்குக் கழுவினது. அதுக்கப்புறம் போட்ட மொத மாத்திரை இது."

மர்சலின் படத்தைப் பெரிதாக்கினாள். மருந்துத் தூள் கொட்டும் வாயின் விளிம்பில் ஒரு சந்தனப் பொட்டு, காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது.

"இத யார் வச்சது?"

"நான்தான். எல்லா மெஷினுக்கும் என் கையால, ஒரே கிண்ணத்துலேர்ந்து."

"மொதல்ல எந்த மெஷினுக்கு?"

"பெனிசிலின் கட்டடம் கிழக்கால கீதில்ல, அங்கேர்ந்துதான்..." வைரவன் தன் விரலையே பார்த்தார்.

அட கடவுளே! கட்டடம் தனி, காற்று தனி, ஆள் தனி. சந்தனக் கிண்ணம் மட்டும் பொது! பெனிசிலின் மெஷினைத் தொட்ட விரல் மறுபடி கிண்ணத்தில் தோய்ந்து அடுத்த கட்டடத்துக்குப் போயிருக்கிறது.

அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்துவரச் சொன்னாள். கருவியில் ஓட்டினாள். திரையில் பெனிசிலின் கோடு கிடுகிடுவென்று ஏறியது. "பாருங்க சார், பாருங்க!" என்று அவள் போட்ட கத்தல் பெசன்ட் நகர் வரைக்கும் கேட்டிருக்கும். நானும் கத்தினேன், அதிலென்ன வெட்கம்.

"நீ சொன்னதுதாம்மா சரி" என்று சுவாமிநாதன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வைரவன் கிடங்குக்குப் போன் போட்டார். "லாரில ஏத்தினத எறக்கு நைனா. பூஜைக்கப்புறம் எந்த மெஷின்ல போட்டதும் ஒரு அட்டைகூட வெளிய போகக் கூடாது."

போனை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "யாருக்காவது எதுனா ஆயிருக்குமா மேடம்?"

"ஒண்ணும் ஆவாது! அந்த மாத்திரைய முழுங்கியிருக்க வேண்டியவன் எங்கியோ டீ குடிச்சிக்கினு கீறான். நம்ம சண்ட போட்டது அவனுக்குத் தெரியவே தெரியாது!" என்று மர்சலின் மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தாள்.