காணிக்கைப் பையில் போட்ட மாத்திரை

முதலில் வந்தது இருமல் இல்லை. என் ஜாக்கெட் எனக்கே தொளதொளவென்று ஆனது. திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் பதினெட்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊராரின் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் டேப்பைப் பிடித்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் என் ஜாக்கெட்டை ஒரே மாதத்தில் இரண்டு முறை பிடித்துத் தைத்தபோது, உபவாச ஜெபத்தில் உடம்பு இளைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இருமல் அதற்கப்புறம்தான் வந்தது.

அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தார்கள், மார்பைப் படம் எடுத்தார்கள். காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய், காற்றில் பரவும்). ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்றார் மருத்துவர்.

மாத்திரை கொடுக்கிற விஜயா அக்கா, கிருத்திகை தவறாமல் முருகன் மலையேறுகிறவர். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். "நெருப்புலயும் பகையிலயும் மிச்சம் வெக்கக் கூடாதுன்னுவாங்க. நோவும் அப்படித்தாம்மா" என்று ஒவ்வொரு அட்டையோடும் சொல்லி அனுப்புவார்.

மூன்றாம் மாதத்தில் இருமல் நின்றது. சோறு ருசித்தது. உங்களில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் படியுங்கள். நன்றாக இருப்பது வேறு, குணமாவது வேறு.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் நன்மை செய்தால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்லி, காணிக்கைப் பையில் எதையாவது போட வேண்டும். பொதட்டூர்பேட்டை தறிக்காரர் ஒருவர் தறியிலிருந்து அறுத்த புது லுங்கியைப் போட்டார். நான் மீதியிருந்த மாத்திரை அட்டைகளைப் போட்டேன்.

யாரும் போடச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. சாட்சி சொல்லச் சொல்லக் குரல் ஏறியது, ஜனங்கள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள், கை தானாகக் கைப்பைக்குள் போனது. பாஸ்டர் அந்த அட்டைகளை எடுத்து உயரப் பிடித்து, "விசுவாசம்னா இது" என்றார்.

அன்றிலிருந்து என் பெயரே மாறிப்போனது. 'சுகமான சகோதரி'. ஆர்.கே.பேட்டை உபவாசக் கூட்டத்துக்குக்கூட என்னை அழைத்துப் போனார்கள். கிருபை இலவசம், நம் தகுதியால் வருவதில்லை என்று போன இடமெல்லாம் சொன்னேன். உள்ளுக்குள் மட்டும், இது என் விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி என்று நினைத்துக்கொண்டேன்.

விஜயா அக்கா கடைக்கே தேடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். "உங்க சாமி நல்லாத்தானேம்மா கீறாரு, அவருக்கு எதுக்கு மாத்திரை? நீ சாப்புடு" என்றார். புது அட்டை நீட்டினார். வாங்கவில்லை. வாங்கினால் சபையில் சொன்னது பொய்யாகிவிடுமே. பிறகு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அவர் கடையை எட்டிப் பார்த்ததும் நான் பின்பக்கம் போய்விட்டேன்.

சில மாதங்களில் இருமல் திரும்பியது. கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு பாடகர் குழுவில் நின்றேன். பக்கத்தில் சலோமி. பன்னிரண்டு வருடமாக ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடியவர்கள் நாங்கள். "இன்னாடி, வாயில பிரியாணி வாசன அடிக்குது?" என்று காதில் கேட்டாள். சிரிப்பை அடக்கப் போய் இருமினேன். அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். மருந்துக்கு அடங்காத காசநோய் (மருந்தைப் பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி அதற்குப் பழகிவிடலாம், பழைய மாத்திரை பிறகு கேட்காது). இந்த முறை ஒன்றரை வருடம். மருத்துவர் திட்டவில்லை. "வீட்டுக்கு வெளிய யார்கூட நெருங்கிப் பழகறீங்க? அவங்களையும் பரிசோதிக்கணும்" என்றார்.

சலோமி பெயரைச் சொன்னால் சபைக்குத் தெரியும். சபைக்குத் தெரிந்தால் அப்புறம் நான் யார்?

"யாரும் இல்லைங்க" என்றேன்.

என் கணவர் தேவராஜ் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும், இனி பாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று மட்டும் கேட்டார்.

மாத்திரை குமட்டியது. பாதம் எரிந்தது. முகம் கறுத்தது, கேட்டவர்களுக்கு வெயில் என்றேன். தொண்டை சரியில்லை என்று பாடகர் குழுவை விட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்க முடிகிறது, சோறுதான் யாருக்கும் ஆகாமல் போகிறது.

ஐந்து மாதம் கழித்துச் சலோமி இருமினாள். அதே அடங்காத கிருமி. அவள் பாடம் நடத்திய பள்ளியில், வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போன வருடம் என் கையைத் தங்கள் தலையில் வைத்து ஜெபம் கேட்டவர்கள் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பாஸ்டர் "விசுவாசத்துல தளர்ந்துபோன சகோதரிக்காக" ஜெபித்தார். அட்டைகளை உயரப் பிடித்த கையைப் பற்றி அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அன்று மதியமே சலோமி வீட்டுக்குப் போனேன். முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. மருத்துவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்லி, மன்னித்துவிடு என்றேன்.

"யாரும் இல்லன்னியா?"

"ஆங்."

"பன்னெண்டு வருசம் பக்கத்துல நின்னுகினு இருந்தேனே."

முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு அவளே சொன்னாள்: "ஆண்டவரு மன்னிச்சிருப்பாரு. அது அவரு கிருபை, அவருக்கு அது முடியும். எனக்கு ஒன்றரை வருசம் மாத்திரை கீது. அத்த முடிச்சிட்டுச் சொல்றேன்."

கதவைச் சாத்தவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

என் சிகிச்சை முடிந்தது. கிருமி இல்லை என்றார்கள். வலது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிட்டது, அது விரியாதாம். கிருபை என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், இலவசம் என்று முன்போல் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சுகமானவள் என்பதால் நான் ஆண்டவர் பிள்ளை ஆகவில்லை. ரத்தம் துப்பியபோதும் பிள்ளைதான், பொய் சொன்னபோதும் பிள்ளைதான். இதைப் பிரசங்கத்தில் ஆறுதல் என்பார்கள். எனக்குக் கசக்கிறது. எனக்கு இலவசமாக வந்ததற்கு உடம்பால் விலை கொடுத்தவள் சலோமி.

உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். மருத்துவர் கேட்டால் பெயரைச் சொல்லுங்கள்.

ஒன்றரை வருடம் என்பது எனக்கு இரண்டு முறை நடந்தது. முதலாவது என் மாத்திரைக்கு, இரண்டாவது அவளுடையதற்கு. இரண்டாவதுதான் நகரவில்லை. போன மாதம் அவளுக்கும் முடிந்துவிட்டது என்று விஜயா அக்கா சொன்னார். மறுபடி பாடகர் குழுவில் நிற்கிறாள். என்னிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் பாடுகிறேன். பாட்டில் ஒரு அடியின் பாதியிலேயே மூச்சு தீர்ந்துவிடுகிறது. மீதியைச் சபை பாடுகிறது. அதில் அவள் குரல் எது என்று எனக்குத் தெரியும். அடுத்த அடி வருவதற்குள் மூச்சைச் சேர்க்க வேண்டும், சேர்த்துக்கொண்டே கேட்கிறேன்.