திருநீற்றுக்குள் ஒளிந்த தண்ணீர்

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆறையும் ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு கிழமை செல்லும். செல்லட்டும். அவசரப்பட்டு ஒரு வேலையும் நான் செய்ததில்லை.

இது எங்கள் பிக்கப் வாகனத்தில் தண்ணீர் காணாமல் போன கதை. அப்போது இணுவிலில் இருந்தோம். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராத காலம். வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் என் வீட்டுக்காரர் ஊசியால் நாலு சொட்டுப் பெற்றோல் விடுவார். இருமி, புகை கக்கி, பிறகு ஓடத் தொடங்கும். வெங்காயமும் புகையிலையும் ஏற்றுகிற வாகனம் அது. எங்கள் ஒழுங்கையில் வேறு வாகனம் கிடையாது.

மூத்த மகளுக்கு அப்போது நிறைமாதம். அவளுடைய முதற்பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். "இந்த முறை வயித்துக்குத்துத் தொடங்கின உடனை கொண்டு வந்திட வேணும். சுணங்கினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து" என்று டொக்டர் சொல்லியிருந்தார். சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுபோகிற உடம்பா அது? பிக்கப்பை நம்பித்தான் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்துப் பிக்கப்புக்குத் தாகம் பிடித்தது. முதலில் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டது. பிறகு இரண்டு, மூன்று. ஆஸ்பத்திரி வழியில் கொக்குவில் தாண்ட முன்னம் கொதித்து நின்றுவிடும். ஆனால் கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. நான் சாக்கு விரித்துப் பார்த்தேன். விடிய எடுத்துப் பார்த்தால் சாக்கு காய்ந்தபடி கிடந்தது. ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது? எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஹெட் கஸ்கட் போய்விட்டது, தண்ணீர் இஞ்சினுக்குள்ளேயே ஒழுகுகிறது, இஞ்சினைக் கழற்ற வேண்டும், சாமான் கிடைத்துத் திரும்பப் பூட்ட ஒரு மாதமாவது செல்லும் என்றார்.

"பிள்ளை பிறக்கட்டும். அதுக்குப் பிறகு கழட்டுங்கோ" என்றேன் நான்.

"கொதிச்சு நடு றோட்டிலை நிண்டால் என்ன செய்வாய்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

குருநகரில் வள்ளத்து இஞ்சின் திருத்துகிற ஒருவர் இருக்கிறார் என்று சந்தையில் யாரோ சொல்லி, வீட்டுக்காரர் போய்க் கூட்டி வந்தார். கழுத்தில் கறுப்பு நூலில் சிலுவை. மெலிந்த மனிதர், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, ஆணி கழற்றுகிற சாவி ஒன்றையும் கையில் எடுக்காமல் முன் பனட் மூடியைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. படம் பார்க்கவா வந்தவர்?

பிறகு ஒயில் கம்பியை இழுத்து விரலில் தேய்த்தார். "ஒயிலுக்கை தண்ணி போனால் இது பால்தேத்தண்ணி நிறத்திலை இருக்கும். இது வெறும் தேத்தண்ணி, அக்கா. கஸ்கட் போகேல்லை." றேடியேற்றர் மூடியைக் கழற்றி வைத்து இஞ்சினை ஓடவிட்டு உள்ளே பார்த்தார். கஸ்கட் போயிருந்தால் வருகிற குமிழி வரவில்லை. குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தார். எல்லாம் சரி. அப்படியே குனிந்து இஞ்சின் முகத்தைப் பார்த்தவர், தலையை நிமிர்த்தினார்.

"அக்கா, உந்தத் திருநீறு ஆர் பூசினது?"

வீட்டுக்காரர் நாள்தோறும் வாகனம் எடுக்க முன் றேடியேற்றருக்கு மேலேயும் இஞ்சின் முகத்திலும் மூன்று குறி இழுப்பார். வருசக்கணக்காகப் பூசியது தடித்துப் போய்க் கிடந்தது. இஞ்சினைக் கழுவ வேண்டும் என்று இரண்டாவது மகன் ஒருமுறை கேட்டபோது, திருநீற்றைத் துடைத்தெறியக் கூடாது என்று ஏசி நிறுத்தியவள் நான்தான்.

"இதைத் துடைக்கலாமோ? நான் வேதக்காரன். நீங்கள் சொன்னால்தான் துடைப்பன்."

"ஏன் தம்பி, திருநீறு உம்மை என்ன செய்தது?"

"என்னை ஒண்டும் செய்யேல்லை. மூண்டு குறிதானே பூசுவியள்? இதிலை நாலாவது குறி ஒண்டு பின்பக்கமாப் பறக்குது. அதை ஆர் பூசினது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நானில்லையப்பா!"

அந்த நாலாவது குறியை அவர் நகத்தால் சுரண்டினார். தூளாக உதிரவில்லை. செதில் செதிலாகக் கழன்றது. "உங்கடை கேத்திலுக்குள்ளை பாருங்கோ அக்கா. இதுதான் இருக்கும்."

எனக்கு முகம் சுட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் வெள்ளையாகப் படியும். கிழமைக்கொருக்கால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுகிறவள் நான். என் கேத்திலில் தெரிந்தது என் வாகனத்தில் தெரியவில்லை. திருநீறு என்று நினைத்து அதைக் காவல் காத்திருக்கிறேன்!

துடைக்கச் சொன்னேன். துடைத்த துணியைக் கால்படாமல் செவ்வரத்தை மரத்தடியில் உதறினேன். திரும்பி வர, "இனிக் கொஞ்சம் திருநீறு தாங்கோ" என்றார்.

"உமக்கேன்?"

"எனக்கில்லை, இஞ்சினுக்கு."

சாமித்தட்டில் இருந்த கிண்ணத்தை அப்படியே கொடுத்தேன். துடைத்துக் காயவைத்த இரும்பின்மேல் இரண்டு விரலால் தூவித் தூவி, ஊதி ஊதி, மா பூசினதுபோல மெல்லிசாகப் படிய வைத்தார். பிறகு ஸ்ராட் எடுக்கச் சொன்னார். நாங்கள் சுற்றி நின்றோம். மகளும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இஞ்சின் சூடேறச் சூடேற வாகனம் நடுங்கியது. அப்போதும் திருநீறு வெள்ளையாகவே இருந்தது. திடீரென்று காற்றாடிக்குப் பின்னால், கீழ்ப்பக்கம், ஒரு பயறு போகிற அளவு ஓட்டையின் விளிம்பில் திருநீறு கறுத்தது. முதலில் கடுகளவு. பிறகு உளுந்தளவு. பிறகு காற்றாடிக் காற்றில் அந்த ஈரம் பின்பக்கமாக இழுபட்டு, நிலத்துக்கு வர முன்னம் சூட்டில் காய்ந்து, வெள்ளைக் கோடாக நின்றது. அதே நாலாவது குறி.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரும்புக்குள்ளே யார் கண்ணிலும் படாமல் சுற்றுகிற தண்ணீர். அதை ஒரு சாவி தொடாமல், ஒரு ஆணி கழற்றாமல், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வந்து நிற்கச் செய்துவிட்டாரே!

"தண்ணியைச் சுத்தவிடுற பம்முக்குள்ளை, தண்ணி வெளியிலை வராமல் மறிக்கிற சீல் தேய்ஞ்சு போச்சு" என்றார். "அது பழுதானால் சொல்லுறதுக்கெண்டுதான் இந்த ஓட்டையை வைச்சுச் செய்திருக்கிறாங்கள். அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது அக்கா. நீங்கள்தான் முகத்தை மூடிப்போட்டியள்."

நான் கடவுளின் கையைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். மனிதனின் கையைப் பற்றி அன்றைக்குத்தான் யோசித்தேன். எங்கோ ஒரு தேசத்தில் இருந்துகொண்டு, நாளைக்கு இது கெடும், கெட்டால் சொல்ல ஒரு வாய் வேண்டும் என்று நினைத்து ஓட்டை வைத்தானே, அவனும் ஆச்சரியம். அந்த வாயைக் கண்டுபிடித்த இவரும் ஆச்சரியம்.

புது சீலுக்கு எங்கே போவது? பயிருக்கு மருந்தடிக்கிற எங்கள் பழைய மெசினிலிருந்த தோல் வாசர் வளையத்தைக் கழற்றி, அளவாக வெட்டி, கிறீசில் ஊறவைத்து, பின்னேரத்துக்குள் பூட்டிவிட்டார். இடையில் சாப்பிட இருந்தபோது சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளிக்கிழமையிலை வந்து மாட்டுப்பட்டிட்டன். ஒரு நெத்தலியும் இல்லை."

"நாளைக்கு வந்திருந்தாலும் இந்த வீட்டிலை அதே கத்தரிக்காய்தான் தம்பி" என்றேன்.

போகும்போது சொன்னார்: "தூரப் பயணம் வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்."

நாலாம் நாள் விடியக் குத்துத் தொடங்கியது. பின்னால் மெத்தை போட்டு மகளைக் கிடத்தி, ஒரு குடம் தண்ணீரை மடியில் அணைத்தபடி நான் பக்கத்தில் இருந்தேன். கொக்குவில் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். கொக்குவில் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது குடம் நிரம்பியபடியே இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

பெண் பிள்ளை. தாயும் சுகம்.

அதன்பிறகு வாகனத்துக்குக் குறி முன்கண்ணாடியில் மட்டும்தான். இஞ்சினின் முகத்தை நானே துணியால் துடைத்து வைப்பேன்.

அந்தப் பெண் பிள்ளை இப்போது தானும் ஒரு தாயாகி, குசினியில் நின்று கேத்திலை அடுப்பில் வைக்கிறாள். கூப்பிட்டுவிட்டேன்.

"இஞ்சை வா குஞ்சு. கையைத் துடைச்சுக்கொண்டு வந்து இதை வாசி பாப்பம். நீ உலகத்துக்கு வந்த றோட்டுத்தான். அந்த உளுந்தளவு ஈரம் வாற இடத்தை மட்டும் அவசரப்படாமல் ஆறுதலா வாசி."