கோல் காப்பாளருக்கு ஒரு விசா

இந்த ரொறன்ரோ நகரத்தில் உதைபந்தாட்ட உலகக் கிண்ண ஆண்டென்றால் கார்களுக்கெல்லாம் கொடி முளைத்துவிடுகிறது. கண்ணாடியின் இரண்டு பக்கமும் சின்னக் கொடிகளைச் செருகிக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி ஸ்காபுரோ முழுக்க ஊர்வலம் போகிறார்கள். நான் வேலை செய்யும் பாண் சுடும் தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில் என்னுடைய கார் மட்டும்தான் மொட்டையாக நிற்கிறது. கூட வேலை செய்யும் மரியா போர்த்துக்கல்காரி, நல்ல மனுஷி. "உன்னுடைய நாடு எது? கொடி வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டாள். எங்களுடைய அணி இதில் விளையாடவில்லை என்றேன். "அடடா, தகுதிச் சுற்றில் தோற்றுவிட்டீர்களா?" என்று தோளைத் தட்டினாள். எங்களை எந்தச் சுற்றுக்குமே எடுப்பதில்லை என்றேன். "கவலைப்படாதே, அடுத்த முறை இன்னும் நன்றாகப் பயிற்சி செய்யச் சொல்" என்றாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. பயிற்சி போதாமல்தான் நாங்கள் இப்படி இருக்கிறோமாக்கும்!

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட மனிதர்கள் தினமும் சொல்கிறார்கள். ஒரு நாடு போர் செய்தால் அதைப் போட்டியிலிருந்து தள்ளிவைக்கிறார்கள். இன்னொரு நாடு போர் செய்தால் இந்த வசனத்தை எடுத்து வீசுகிறார்கள். அணி வரலாம், அந்த அணிக்குக் கைதட்டும் சனத்துக்கு விசா இல்லை என்கிறார்கள். ஆட்டம் பார்க்க ரிக்கெற் விலையைக் கேட்டால் என் போன்றவர்களுக்குத் தலை சுற்றும். மைதானத்துக்குள் விற்கும் பாணைச் சுடுகிறவர்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குப் புதினமில்லை. வன்னியில் என் தங்கை பங்கர்க் குழிக்குள் இருந்த மாதங்களிலும் நாட்டின் அணி கிரிக்கெட் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஸ்கோர் ரொறன்ரோவில் இருந்த எனக்கு உடனுக்குடன் தெரிந்தது. தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் தெரியவில்லை.

தங்கை தப்பினாள். அவளுடைய புருஷன் முள்ளிவாய்க்காலில் செத்துப்போனார். அப்போது மகள் நிறோஜா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. முகாமிலிருந்து வெளியே விட்டபிறகு தாயும் மகளும் கிளிநொச்சி உருத்திரபுரத்தில் எங்கள் பழைய காணிக்கே திரும்பிப் போனார்கள். தாய் வயல் செய்தாள், மகள் பந்து உதைத்தாள். உதைத்ததைவிடப் பிடித்ததுதான் அதிகம். இன்றைக்கு அவள் நல்ல கோல் காப்பாளர், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டமும் பழக்குகிறாள்.

நாடில்லாத இனங்களுக்கென்றும் ஒரு சர்வதேசப் போட்டி நடக்கிறது. கோட்டுப் போட்ட மனிதர்கள் அங்கே வருவதில்லை, தொலைக்காட்சியும் வருவதில்லை. எங்களுக்கும் அதில் ஒரு பெண்கள் அணி இருக்கிறது. போன கோடையில் ஐரோப்பாவின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் அது நடந்தது. எந்த நாடு என்று சொல்லமாட்டேன், நாளைக்கு இன்னொருத்தி அங்கே விசா கேட்க வேண்டி வரலாம். அதற்கு முந்திய போட்டிக்கு வன்னியிலிருந்து போன இரண்டு பிள்ளைகள் திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு என்ன கஷ்டமோ, நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் அதனால் போன கோடைப் போட்டிக்கு வன்னியில் கேட்டவர்களில் நிறோஜாவைத் தவிர ஒருத்திக்கும் விசா கொடுக்கவில்லை. மிச்ச இடங்களைப் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் பிறந்த பிள்ளைகளை வைத்து நிரப்பினார்கள். "ஏன் திரும்பி வருவாய்?" என்று விசா அதிகாரி கேட்டாராம். "வந்து பிள்ளைகளுக்குப் பிறக்டிஸ் குடுக்கவேணும்" என்றாளாம் இவள். அந்தப் பதிலை எப்படி நம்பினாரோ தெரியாது. அவர் மட்டும்தான் நம்பினார்.

ஏனென்றால் நாங்கள் ஒருவரும் நம்பவில்லை. ஐந்து நாள் போட்டிக்குப் போகிற மகளுக்குத் தாய் ஒரு வருடத்துக்குப் போதுமான மிளகாய்த்தூளை வறுத்து இடித்துக் கட்டிக்கொடுத்தாள். ஊரில் எல்லாரும் வந்து கட்டிப்பிடித்து அழுதார்களாம். நான் மட்டும் திறமோ? போட்டி பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரொறன்ரோவிலிருந்து ஒரு தடித்த குளிர்க்கோட்டைச் சுமந்துகொண்டு போனேன், ஆகஸ்ட் மாத வெயிலில். எங்கள் சனத்தில் ஒருத்தி வெளிநாட்டு விமானத்தில் ஏறினால் அவள் போய்விட்டாள் என்றுதான் அர்த்தம். அதை ஆரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை.

முதல் ஆட்டத்துக்கு முன்பே பிரச்சினை வந்தது. எங்கள் சனம் பிறந்தநாள் விழாவானாலும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்று செத்தவர்களை நினைக்காமல் தொடங்காது. அகவணக்கம் என்போம். போட்டி நடத்துகிறவர்கள் அது கூடாது என்றார்கள், அரசியலாம். நாடில்லாதவர்களுக்குப் போட்டி வைக்கிறவர்களுக்கும் அரசியல் என்றால் பயம். செய்தே தீருவோம் என்றார் எங்கள் அணிக்குப் பொறுப்பான ரவியண்ணை, பாரிஸ்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, ஆட்டத்தை இணையத்தில நேரலையாப் போடுறாங்கள். நீங்கள் பாரிசுக்குப் போவியள். இவள் கிளிநொச்சிக்குப் போகவேணும். சீஐடிக்காரர் வீட்டுக்கு விசாரிக்க வருவாங்கள்" என்றேன்.

"ஆர் திரும்பிப் போறது?" என்று சிரித்தார் ரவியண்ணை. "பேய்க்கதை கதையாதேங்கோ தங்கச்சி."

கையுறையைப் போட்டுக்கொண்டிருந்த நிறோஜா நிமிர்ந்து பார்த்தாள். "நான் திரும்பிப் போறனான் அண்ணை. ஆனா அப்பாவுக்கு ஒரு நிமிசம் நிக்கிறதை ஆரும் மறிக்கேலாது."

எங்கள் பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பொறுக்கமுடியாமல் விசிலை ஊதினார். ஒரு பிள்ளையும் அசையவில்லை. நிறோஜா கோல் கம்பங்களுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பந்து எதிரணியிடம் இருந்தது, எங்கேயோ தூரத்து மலைகளிலிருந்து வந்த ஏதோ ஒரு சிறு இனத்துப் பெண்கள் அவர்கள். உதைத்திருந்தால் அது கோல்தான். அவர்களுடைய தலைவி பந்தின்மேல் காலை வைத்து அழுத்தியபடி, எங்கள் பிள்ளைகள் தலை நிமிரும்வரை அப்படியே நின்றாள். நடுவர் இன்னொருமுறை ஊதியும் அவள் காலை எடுக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் நாலு கோல் அடித்தார்கள், அது வேறு கதை. நிறோஜா பிடித்திராவிட்டால் பத்துக் கோலாவது விழுந்திருக்கும்.

போட்டி முடிந்த அடுத்தநாள் காலை, நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் குசினியில் அந்தக் குளிர்க்கோட்டை அவளுக்கு முன்னால் வைத்தேன். அந்த நேரலையை ஊரில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நில் பிள்ளை, மற்றதை நான் பார்க்கிறேன் என்றேன். அவள் கோட்டைத் தொட்டும் பார்க்கவில்லை.

"பெரியம்மா, நான் நிண்டால் எனக்கு நல்லம்தான். ஆனா அடுத்தமுறை எங்கட பிள்ளையள் போய் விசாக் கேக்கேக்க, வன்னியில இருந்து போறவை ஒருத்தரும் திரும்பி வாறேல்லை எண்டுதான் சொல்லுவினம். ஒருத்தி எண்டாலும் திரும்பி வந்தவள் எண்டு இருக்கவேணும்."

"அங்க போனா உன்னைச் சும்மா விடுவாங்களே?"

"வரட்டும். பந்து விளையாடப் போனனான் எண்டு சொல்லுவன். பொய்யே?"

"உனக்கென்ன விசரே பிள்ளை?"

"ஓம். விசர் எண்டே வையுங்கோ."

தாய்க்கு போன் போட்டுக் கொடுத்தேன், அவளாவது மனதை மாற்றுவாள் என்று. தாய் அழுதாள், திட்டினாள், செத்துப்போவேன் என்று வெருட்டினாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை வந்திடுவன் அம்மா, புட்டு அவிச்சு வையுங்கோ" என்றாள். மிளகாய்த்தூள் பையை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். விமானநிலையத்தில் அவள் கொழும்புக்கான வரிசையில் நின்றாள், நான் ரொறன்ரோவுக்கான வரிசையில் நின்றேன். எனக்கு அவள்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. பயமும்தான்.

பயந்தது நடந்தது. அவள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார்களாம். என்ன அணி, ஆர் காசு கொடுத்தது, ஆருக்காக ஒரு நிமிடம் நின்றாய் என்று கேட்டார்களாம். என்ர அப்பாவுக்கு என்றாளாம். எழுதிக்கொண்டு எழும்பிப் போகும்போது வாசலில் நின்று ஒருவர் உண்மையாகவே விளங்காமல் கேட்டாராம்: "ஏன் தங்கச்சி திரும்பி வந்தது?" கடைக்காரரும் அதையே கேட்டாராம், பள்ளிக்கூட அதிபரும் அதையே கேட்டாராம். "எல்லாரும் அதைத்தான் கேக்கினம் பெரியம்மா. எத்தினை கோல் பிடிச்சனி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்று போனில் சிரித்தாள். அந்த இரண்டு பேரும் இன்னும் இடைக்கிடை வருகிறார்கள். அவள் தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிறாள்.

இந்த வருடம் அடுத்த போட்டிக்குப் போக அவளிடம் பழகும் இரண்டு பிள்ளைகள் விசாவுக்குக் கேட்டார்கள். ஒருத்திக்குக் கிடைத்துவிட்டது. மற்றப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒருத்திக்குக் கிடைத்துவிட்டது! தலை சுற்றும் விலைக்கு ரிக்கெற் விற்கும் உங்கள் உலகக் கிண்ணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடைய கிண்ணம் இதுதான்.

போன கிழமை வேலை தொடங்குமுன் தரிப்பிடத்தில் காருக்குப் பக்கத்தில் நின்று நிறோஜாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். இங்கே காலை, அங்கே பிள்ளைகள் பிறக்டிஸுக்கு வந்திருந்த பின்னேரம். விசா கிடைத்த பிள்ளை, மதுஷா என்று பெயர், வியர்த்த முகத்தோடு போனுக்குள் எட்டிப்பார்த்தாள்.

"அன்ரி, நிறோஜா ரீச்சர் திரும்பி வந்தவா. நீங்கள் ஏன் திரும்பி வரேல்லை?"

முப்பது வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. வந்தவளைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், வராதவளை ஆர் கேட்பது? "ஏய், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்று நிறோஜா அதட்டினாள். கேட்கட்டும், விடு என்றேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. இப்ப நான் மைதானக் கோட்டுக்கு வெளியில நிண்டு கத்திற ஆள். அதுக்கும் ஆள் வேணுமெல்லே?"

"அப்ப கத்துங்கோ அன்ரி!" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். போனைச் சைக்கிளில் சாய்த்துவைத்துவிட்டு நிறோஜாவும் கோலுக்குப் போனாள். தொழிற்சாலைச் சங்கு ஊதியது, மரியா என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், வா வா என்று கைகாட்டினாள். நான் அசையவில்லை. கையளவு திரையில் தெரிந்த உருத்திரபுரத்து மைதானத்தைப் பார்த்து, அந்தத் தரிப்பிடம் முழுக்கக் கேட்க, "அடி பிள்ளை, அடி!" என்று கத்தினேன்.