துரையின் இடது கண்

தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும் முதலில் கண்ணாடிக்காரரிடம்தான் வருவார்கள். முப்பது வருஷமாக லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். படித்தது எட்டாவது, பேச்சில் பாதி டாக்டர். அந்தப் பாதி டாக்டர்தான் சொந்தப் பூனையின் இடது கண் வீங்கியதைத் தூசி என்று சொல்லி, ஒரு மாதமாகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

பூனைக்குத் துரை என்று பெயர். வேலை வெட்டி கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. வேறு என்ன பெயர் வைப்பது?

அந்தக் கண்ணில் பார்வை போய் ஏழு வருஷம் ஆகிறது. பார்வை போன அன்று காலை, பாடுபட்டுத் தேய்த்து வைத்த ஒரு ஜோடி லென்ஸைத் துரை மேஜையிலிருந்து தட்டிவிட்டது. கண்ணாடிக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். கையில் குறடு இருந்தது, அதை எறிந்தார். பூனை அலறிக்கொண்டு பின்னறைக்கு ஓடி, மனைவியின் தையல் மெஷினுக்கு அடியில் பதுங்கியது. அவள் குனிந்து பார்த்தபோது கண்ணில் ரத்தம். பக்கத்தில் அவள் தவறவிட்ட ஊசி. அதுதான் குத்திவிட்டது என்று அவளே முடிவு கட்டித் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவர் வாயைத் திறந்தார். அதற்குள் கடை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று போனவர்தான்.

மறுவாரமே மெஷின் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்துத் தெருக்காரர்களும் தேடி வந்து தைக்கக் கொடுத்த கை அவளுடையது. அதன்பிறகு அறுந்த பொத்தானைக்கூட அவள் தைக்கவில்லை.

பார்வை போன கண்ணை எடுத்துவிடுங்கள், பின்னால் கட்டி வரக்கூடும் என்று மிருக டாக்டரம்மா அப்போதே சொன்னார். வலியில்லாத கண்ணை எதற்கு எடுப்பது, பாவம், என்று இவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். உண்மையில் அந்தக் குழியைத் தினமும் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. கோழைத்தனத்துக்குப் பாவம் என்று பெயர் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது அதே டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். அடிபட்ட கண்ணில் பல வருஷம் கழித்துச் சில பூனைகளுக்கு வருகிற கட்டி என்றார். நரம்பு வழியாக மூளைப் பக்கம் போய்விட்டது, இனிக் கண்ணை எடுத்தும் பயனில்லை, வலிக்கு மருந்து தருகிறேன், சாப்பாட்டை நிறுத்தினால் கொண்டு வாருங்கள் என்றார்.

"என் ஊசிதான் டாக்டர்" என்றாள் மனைவி. "நாந்தான் கொன்னுட்டேன்."

இதற்கு மேலும் சும்மா இருந்தால் தான் மனுஷனே இல்லை என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது.

"ஊசி இல்ல. நான் எறிஞ்ச குறடு. அதுதான் பட்டுச்சு."

அவள் அழவில்லை. அப்போதே கண்ணை எடுத்திருந்தால் இது வந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் மட்டும் கேட்டாள். பெரும்பாலும் வந்திருக்காது என்றார் அவர்.

துரையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை அவள் முன்னால் நடந்தாள். இவர் இரண்டடி பின்னால் வந்தார். கோபத்தில் எறிந்துவிட்டேன், வேண்டுமென்றே செய்யவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கோவத்துல எறிஞ்சீங்க, சரி" என்றாள். "என் மெஷினை வண்டியில தூக்கி வெச்சது நீங்கதானே? அப்பவும் கோவமா?"